ஹாட் ராட் வி8: தீப்பொறி எந்த நேரத்தில் பாய வேண்டும்?

பழைய காரை எடுத்து, வேகத்துக்காக எஞ்சினை மாற்றி ஹாட் ராட் கட்டுகிறவர்களின் காசும் கவனமும் முதலில் போவது எஞ்சினின் மேல்பக்கத்துக்குத்தான். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ வரிசையாக உட்காரும். சிலிண்டர் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். கேம்ஷாஃப்ட் மாறும், எக்ஸாஸ்ட் மாறும். எல்லாம் முடிந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துப் பழைய இடத்திலேயே மாட்டிச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடும். ஓடுவதால் இக்னிஷன், அதாவது தீப்பொறி ஏற்பாடு, சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்புறம் மேடு ஏறும்போது சூடாகிறது என்று ரேடியேட்டரையும், மிதித்தவுடன் தயங்குகிறது என்று கார்புரேட்டரையும் மாறி மாறிக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

தொழிற்சாலையில் இக்னிஷனைத் தனிப் பொருளாக யாரும் வடிவமைக்கவில்லை. இந்தக் கம்ப்ரஷன், இந்தக் கேம், இந்தக் கார்புரேட்டர், இத்தனை வோல்ட் பேட்டரி என்று கணக்குப் போட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைச் செய்தார்கள். ஹாட் ராட் என்பதே அந்தக் கணக்கில் பாதியை மாற்றிவிட்ட வண்டி. மாறிய பாதிக்கு ஏற்ப மீதியை நாமே போட்டாக வேண்டும். கடைகளில் “பலமான ஸ்பார்க்” என்று விற்கிற எதையும் வாங்குவதற்கு முன், ஸ்பார்க் வரவேண்டிய நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பதே இந்த வேலையில் பெரும் பங்கு.

இந்த உலகத்தில் இரண்டு எஞ்சின்களைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தானாக விளங்கும். ஒன்று ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த ஃபிளாட்ஹெட் வி8. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாதாரண வண்டியில், எட்டும் விலையில் வந்த வி8 என்பதால், தென் கலிஃபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்களின் கையில் இதுதான் இருந்தது. அந்தப் பந்தயங்களுக்கு ஒழுங்கு கொண்டுவர சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937இல் உருவானது. மற்றொன்று ஷெவர்லே 1955இல் வெளியிட்ட 265 கன அங்குல ஸ்மால் பிளாக். ஃபிளாட்ஹெட்டின் காலத்தை முடித்துவைத்தது அதுதான்.

சுற்று எப்படி வேலை செய்கிறது

இரண்டு எஞ்சின்களிலும் இருப்பது ஒரே அடிப்படை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக்கில் வந்த ஏற்பாடு அது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலின் முதல் சுருளில் ஓடி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சிறு ஸ்விட்ச் வழியாக வண்டியின் பாடிக்கு இறங்குகிறது. பாயின்ட் மூடியிருக்கும்வரை காயிலுக்குள் காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் இருக்கும் கேம் முனை பாயின்ட்டைத் திறந்ததும் மின்சாரம் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, பல ஆயிரம் சுற்று கொண்ட இரண்டாம் சுருளில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு வோல்டேஜை எழுப்புகிறது. தண்டின் மேல் சுழலும் ரோட்டர் அதை எந்தப் பிளக்குக்கு அனுப்ப வேண்டுமோ அதற்கு அனுப்புகிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, பாயின்ட் திறப்பதைப் போலவே மூடியிருக்கும் நேரமும் முக்கியம் என்பதை. எட்டு சிலிண்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எட்டு முறை பாயின்ட் திறக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் 45 டிகிரிதான் கிடைக்கிறது. அதில் சுமார் 30 டிகிரி பாயின்ட் மூடியிருக்கும். இதைத்தான் ட்வெல் என்கிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் போகும்போது இரண்டு ஸ்பார்க்குக்கு இடைப்பட்ட நேரம் 2.5 மில்லி செகண்ட். அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 1.67 மில்லி செகண்ட்தான் காயில் நிரம்பக் கிடைக்கும் நேரம்.

அது போதுமா? 8 மில்லிஹென்றி காயில், மொத்தத் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் முழுதாக நிரம்பினால் 4 ஆம்பியர் ஓடும். ஆனால் 1.67 மில்லி செகண்டில் அதில் பாதியைக்கூடத் தொடாது. சேமிக்கும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கிடைப்பது முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான். மெதுவாக ஓடும்போது கன ஜோராக இருந்த எஞ்சின் உச்ச வேகத்தில் விட்டுவிட்டு அடிப்பதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம்.

இரட்டைப் பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர் பிறந்தது இதனால்தான். இரண்டு பாயின்ட்டுகளைச் சற்று முன்பின்னாக வைத்து இணையாக இணைத்தால், ஒன்று திறக்கும் வேலையைச் செய்யும், மற்றொன்று சீக்கிரமே மூடிவிடும். ட்வெல் 34 டிகிரி அளவுக்கு நீளும். மேலே சொன்ன அதே காயிலில் 6,000 சுற்றில் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. பந்தயத்தில் அது பெரிய விஷயம். 4,500 சுற்றைத் தாண்டாத தெரு வண்டியில் அதற்காக இரட்டைப் பாயின்ட்டைத் தேடி அலைவது தேவையில்லை என்பதே என் கருத்து. நல்ல நிலையில் இருக்கும் ஒற்றைப் பாயின்ட் அங்கே தன் வேலையை முழுதாகச் செய்துவிடும். 1932 முதல் 1948 வரையிலான ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டில் தொழிற்சாலையே இரட்டைப் பாயின்ட்தான் போட்டது. 6 வோல்ட்டில் எட்டு சிலிண்டரை ஓட்ட அது உதவியது.

கண்டென்சரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது. பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். கண்டென்சர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காந்தப்புலம் சட்டென்று சரிய வழிவிடுகிறது. கண்டென்சர் கெட்டால் ஸ்பார்க் மெலியும், பாயின்ட் கருகும். பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் வந்திருந்தால், கண்டென்சரின் அளவு காயிலுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான அளவு 0.2 மைக்ரோஃபாரட் பக்கம். ரொம்ப நாள் பெட்டியில் கிடந்த கண்டென்சரை நம்பாமல், அளந்து பார்த்த ஒன்றைப் போட்டு, இன்னொன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

6 வோல்ட்டிலிருந்து 12க்கு

ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட்டில், பேட்டரியின் பாசிட்டிவை பாடியோடு இணைத்து ஓட்டியது. 1956இல்தான் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வந்தது. ஷெவர்லே 1955லேயே 12க்கு மாறிவிட்டது. ஃபிளாட்ஹெட்டை வைத்து ஹாட் ராட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விளக்குக்காகவும் ஸ்டார்ட்டருக்காகவும் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுகிறார்கள். இந்த மாற்றத்தில் இக்னிஷனுக்கு இரண்டு வினைகள் உண்டு.

முதலாவது, மின்னோட்டம். பாயின்ட் நீண்ட நாள் தாங்க வேண்டுமென்றால் அதன் வழியாக 4 ஆம்பியரைத் தாண்டவிடக் கூடாது. 1.5 ஓம் காயிலை நேராக 12 வோல்ட்டில் போட்டால் 8 ஆம்பியர் ஓடி, பாயின்ட் சீக்கிரமே கருகிவிடும். அதற்காகத்தான் சுற்றில் பாலஸ்ட் ரெசிஸ்டர். 1.5 ஓம் காயிலோடு 1.5 ஓம் ரெசிஸ்டர் சேர்ந்தால் கணக்கு சரியாகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் விழும் என்பதால், அந்தச் சில விநாடிகள் மட்டும் ரெசிஸ்டரைத் தவிர்த்து நேராக காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் தனி வயரைத் தொழிற்சாலைகள் வைத்தன. புதிதாக வயரிங் இழுக்கிறவர்கள் மறந்துபோவது இந்த வயரைத்தான். “சாவியை விட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது, பிடித்துச் சுற்றினால் ஆகவில்லை” என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். சில காயில்களில் தடை உள்ளேயே இருக்கும், அதற்கு வெளி ரெசிஸ்டர் தேவையில்லை. காயிலின் மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் ஓம் மீட்டரை வைத்து ஒருமுறை அளந்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

இரண்டாவது, துருவம். பிளக்கின் நடு மின்முனை சூடாக இருக்கும், சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் எளிதாகக் கிளம்பும். ஆகவே ஸ்பார்க் நடு மின்முனையிலிருந்து பக்க மின்முனைக்குப் பாயும்படி, நடு முனை நெகட்டிவாக இருப்பதே முறை. காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் அதிக வோல்டேஜ் தேவைப்படும். உச்ச வேகத்திலும் முழு மிதியிலும், காயில் ஏற்கெனவே திணறும் இடத்தில், அது மிஸ்ஃபயராக வெளியே வரும். எர்த்தை மாற்றியவர்கள் காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பாயின்ட்டுக்குப் போகும் வயர், பேட்டரியின் எந்த முனை பாடியோடு இருக்கிறதோ அதே குறியுள்ள முனையில் இருக்க வேண்டும்.

ஸ்பார்க் ஏன் முந்த வேண்டும்

கலவை பற்றிக்கொண்ட கணத்தில் முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவிச் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போக ஏறத்தாழ இரண்டு மில்லி செகண்ட் ஆகும். அந்த அழுத்தம் பிஸ்டன் உச்சத்தைத் தாண்டி 12 முதல் 17 டிகிரிக்குள் வந்தால்தான் கிராங்க்குக்கு முழுப் பலமும் கிடைக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தீ பரவ எடுக்கும் நேரம் அதே விகிதத்தில் குறைவதில்லை. 1,000 சுற்றில் இரண்டு மில்லி செகண்ட் என்பது கிராங்க்கில் 12 டிகிரி. 3,000 சுற்றில் அதே நேரம் 36 டிகிரி. ஆகவே வேகம் கூடக்கூட ஸ்பார்க் முந்த வேண்டும். இப்படி முந்துவதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். 3,000 சுற்றுக்கு மேல் சிலிண்டருக்குள் காற்று நன்றாகக் கலங்கி தீ வேகமாகப் பரவுவதால், அதற்குமேல் அட்வான்ஸைக் கூட்ட வேண்டியதில்லை.

வேகத்தைத் தவிர சுமையும் ஒரு காரணி. மிதியை லேசாகத் தொட்டு ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாகவும் மெலிந்தும் இருக்கும், மெதுவாக எரியும். அப்போது இன்னும் 10, 15 டிகிரி முந்தலாம். முழு மிதியில் சிலிண்டர் நிறைந்திருக்கும், சீக்கிரம் எரியும். அப்போது முந்தினால் நாக்கிங்தான், அதாவது கலவை தானாக வெடித்து உலோகம் தட்டுவதுபோல் சத்தம் எழும். வேகத்துக்குச் சுழலும்போது வெளியே விரியும் எடைகளும் ஸ்பிரிங்கும், சுமைக்கு எஞ்சினின் உறிஞ்சலால் (வேக்குவம்) அசையும் டயஃப்ரமும் என்று பெரும்பாலான டிஸ்ட்ரிபியூட்டர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் கையாண்டன. ஸ்மால் பிளாக் ஷெவர்லேயில் இந்த ஏற்பாடுதான். ஃபோர்டு மட்டும் ஃபிளாட்ஹெட் காலம் முழுவதும் தன் வழியில் போனது. ஹாட் ராட் கட்டுகிறவர்களைத் தடுமாற வைப்பது அந்தத் தனி வழிதான்.

1932 முதல் 1948 வரையிலான ஃபோர்டு டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் உண்டு. கூடவே வேக்குவம் பிரேக் என்று ஒன்று உண்டு. ஸ்பிரிங் அழுத்தும் ஒரு சிறு பிஸ்டன் அட்வான்ஸ் தட்டின் விளிம்பில் உரசி அதைப் பிடித்துவைக்கும். மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும்போது அது பிஸ்டனை இழுத்து விடுவிக்கும். முழுதாக மிதித்து வேக்குவம் விழுந்ததும் பிஸ்டன் மீண்டும் அழுத்தி, அட்வான்ஸைக் கட்டுப்படுத்தி நாக்கிங்கைத் தடுக்கும். மட்டமான பெட்ரோல் கிடைத்த காலத்துக்கு அழகான தீர்வு இது. ஆனால் நீண்ட நேரம் வால்வைத் திறந்துவைக்கும் பந்தயக் கேமைப் போட்டால் மெதுவாக ஓடும்போதே வேக்குவம் குறைந்து நடுங்கும். பிரேக் விடுபடாது, அட்வான்ஸ் நின்று நின்று வரும். கேமை மாற்றியவர்கள் வெளியே இருக்கும் திருகை வைத்துப் பிரேக் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறைத்து, நாக்கிங் கேட்கும் எல்லைவரை போய், சற்றே பின்வாங்கி நிறுத்த வேண்டும்.

1949இல் வந்த 8பிஏ என்ற மாடல் ஃபிளாட்ஹெட்டில் ஃபோர்டு எடைகளையே எடுத்துவிட்டது. லோட்-ஓ-மேட்டிக் என்று பெயரிட்ட அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பது ஒரு டயஃப்ரமும் இரண்டு ஸ்பிரிங்குகளும் மட்டுமே. வேகம் கூடுகிறது என்ற செய்தியையும் கார்புரேட்டரே அனுப்ப வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த ஹோலி கார்புரேட்டரில் வென்சுரி என்ற குறுகிய கழுத்துக்குள் ஒரு துளையும், மிதியோடு திறக்கும் த்ராட்டில் தட்டின் அருகே ஒரு துளையும் உண்டு. வென்சுரியில் காற்று வேகமாகப் போகப்போக அங்கே வேக்குவம் கூடும், அது எஞ்சின் வேகத்தைச் சொல்லும். த்ராட்டில் அருகே உள்ளது சுமையைச் சொல்லும். இரண்டும் கலந்து டயஃப்ரமை இழுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் ஒரே கருவியின் இரு பாதிகள்.

இப்போது அந்த ஹோலியைக் கழற்றிவிட்டு, ஹாட் ராட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள் இரண்டை மாட்டுகிறார்கள். 97இல் அப்படி ஒரு துளையே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரின் குழாயை எங்கே இணைப்பது என்று தெரியாமல் மேனிஃபோல்டில் இணைத்தால், வண்டி நிற்கும்போது முழு அட்வான்ஸும், மிதித்து ஏறும்போது அட்வான்ஸே இல்லாமலும் போகும். தேவைக்கு நேர் எதிர். குழாயை அடைத்துவிட்டால் எந்த வேகத்திலும் ஆரம்ப டைமிங் மட்டும்தான். இரண்டிலும் எஞ்சின் ஓடும். மந்தமாக ஓடும், சூடாகும்.

சூடாவதற்கும் ஃபிளாட்ஹெட்டின் உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. டைமிங் பின்தங்கினால் கலவை எரிந்து முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். ஃபிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் பாதை பிளாக்கின் ஊடாகவே, தண்ணீர் ஓடும் அறைகளுக்கு நடுவே வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கமும் நடு இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. எரிந்துகொண்டே வெளியேறும் வாயு தன் வெப்பத்தை எல்லாம் பிளாக்குக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. இந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டரை வைத்தாலும் திணறும். ஸ்ட்ராம்பர்க் போட்ட 8பிஏ சூடாகிறது என்று யாராவது சொன்னால், தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். எடைகள் உள்ள வேறொரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறுவதுதான் இதற்கு நேரான தீர்வு.

மேக்னெட்டோவையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். ஸின்டில்லா வெர்டெக்ஸ் மேக்னெட்டோ இல்லாமல் அந்தக் காலப் பந்தய எஞ்சினின் படமே முழுமையடையாது. பேட்டரி வேண்டாம், வேகம் கூடக்கூட ஸ்பார்க் பலமாகும். அதே காரணத்தால் ஸ்டார்ட் செய்யும்போது மெலிந்திருக்கும். பெரும்பாலும் அட்வான்ஸ் நிலையாக இருக்கும். எரிபொருளைக் குடித்துக்கொண்டு உச்ச வேகத்திலேயே ஓடும் வண்டிக்கு அது பொருத்தம். சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அழகு மட்டும்தான் மிஞ்சும். போட்டே தீருவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: மேக்னெட்டோவின் ஸ்விட்ச் அதை எர்த் செய்து நிறுத்துகிறது. அந்த வயரில் தவறுதலாக 12 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் காந்தமே வலுவிழக்கும்.

உச்சப் புள்ளி, கியர், டைமிங் லைட்

டைமிங் லைட்டை எடுப்பதற்கு முன், புல்லியில் இருக்கும் கோடு உண்மையா என்று பார்க்க வேண்டும். ஸ்மால் பிளாக்கில் வெவ்வேறு வருடத்து டேம்பரும் (கிராங்க்கின் முன்முனையில் கோடு உள்ள சக்கரம்) டைமிங் கவரும் கலந்துபோவது சர்வ சாதாரணம். 1969 வாக்கில் டேம்பரில் கோட்டின் இடம் மாறியதால், பழையதையும் புதியதையும் கலந்தால் சுமார் 8 டிகிரி பிசகு வரும். பழைய டேம்பரின் வெளி வளையம் ரப்பரின் மீது வழுக்கி நகர்ந்திருக்கவும் கூடும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைத் திருகி, கிராங்க்கைக் கையால் மெல்ல ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் குறியிட்டு, மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்திலும் குறியிட்டால், இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சம். ஃபிளாட்ஹெட்டில் பிளக் பிஸ்டனுக்கு நேர் மேலே இல்லாததால், ஹெட்டைப் பூட்டுவதற்கு முன்பே டயல் கேஜ் வைத்து இதை முடித்துவிடுவது நல்லது. பழைய ஃபிளாட்ஹெட்டின் புல்லியில் குறியே இருக்காது. அப்போதே ஒன்றைப் போட்டுக்கொண்டால் பின்னால் நிம்மதி.

பழைய ஃபிளாட்ஹெட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டின் முன்முனையில் நேராகப் பொருந்துகிறது. பொருந்தும் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் தப்பாக மாட்ட முடியாது. டைமிங்கை வண்டியில் அல்ல, மேசையில் வைத்தே சரிசெய்துவிட்டு மாட்டும் வழக்கம் அதனால் வந்தது. தொழிற்சாலை அளவு உச்சத்துக்கு 4 டிகிரி முன். ஸ்மால் பிளாக்கில் கதை வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம், சாய்ந்த பல் கொண்ட கியரில் இறங்குகிறது. இறங்கும்போதே ரோட்டர் திரும்பும். அடிமுனை ஆயில் பம்பின் தண்டில் வேறு பொருந்த வேண்டும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து, காற்று தள்ளும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குறி சரியாக நின்றும் டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்று தள்ளி உட்கார்ந்துவிடும். ஸ்மால் பிளாக்கின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. ஃபிளாட்ஹெட்டுக்கு 1-5-4-8-6-3-7-2. ஸ்டீல் ரோலர் கேம் போட்டிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரையும் அதற்கு ஒத்துப்போகும் உலோகத்தில் மாற்ற வேண்டும். பொருந்தாத கியர் தேய்ந்து, தூள் எல்லாம் ஆயிலில் கலக்கும்.

அடுத்து பாயின்ட் இடைவெளி. ஸ்மால் பிளாக்கில் புதிய பாயின்ட்டுக்கு 0.019 அங்குலம், ஓடியதற்கு 0.016. ஓடிய பாயின்ட்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், ஏனென்றால் தகடு மேட்டின் மீது தொட்டு நிற்கும், உண்மையான இடைவெளி குழியில் இருக்கும். ட்வெல் மீட்டரே சரியான துணை. ஷெவர்லே 1957இல் கொண்டுவந்த ஜன்னல் வைத்த கேப் இங்கே பெரிய வசதி. எஞ்சின் ஓடும்போதே ஜன்னலைத் திறந்து ஆலன் கீயை விட்டு 30 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த வேலையை டைமிங்குக்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் அல்ல. ட்வெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் கிராங்க்கில் ஒரு டிகிரி நகரும். கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், ட்வெல் கூடும், டைமிங் பின்னோக்கி நகரும்.

டைமிங் லைட்டை எடுத்ததும் பலர் மெதுவாக ஓடும்போதைய அளவை மட்டும் பார்த்து நிறுத்திவிடுவார்கள். ஹாட் ராட்டுக்கு அது போதாது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறி மேற்கொண்டு நகராமல் நிற்கும்வரை வேகத்தைக் கூட்டி, அங்கே கிடைக்கும் மொத்த அட்வான்ஸை அளக்க வேண்டும். ஸ்மால் பிளாக்குக்கு 34 முதல் 38 டிகிரி. ஃபிளாட்ஹெட்டுக்கு 22, 24 போதும். ஷெவர்லேயில் பழகிய கையோடு ஃபிளாட்ஹெட்டில் 36 வைப்பது பிஸ்டனைப் பலிகொடுக்கும் வேலை. மொத்தத்தை நிர்ணயித்த பிறகு மெதுவாக ஓடும்போது எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பெரிய கேம் போட்ட எஞ்சின் ஆரம்பத்திலேயே 14, 16 டிகிரி கேட்கும். ஆனால் எடைகள் தரும் அட்வான்ஸ் தொழிற்சாலைக் கேமுக்கு ஏற்ற அளவில் நீண்டிருக்கும். ஆரம்பத்தை 16க்குக் கொண்டுபோனால் மொத்தம் 40ஐத் தாண்டும். எடைகளின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் புஷ்ஷை மாற்றி அதைக் குறைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி என்றால் கிராங்க்கில் 20 என்பதை இந்தக் கணக்கில் மறந்துவிடக் கூடாது. பிறகு ஸ்பிரிங். மெல்லிய ஸ்பிரிங்கில் அட்வான்ஸ் சீக்கிரம் வரும். 2,800 சுற்று வாக்கில் முழுதும் வந்துவிட்டால் தெருவில் வண்டி சுறுசுறுப்பாக இருக்கும்.

பந்தய டிஸ்ட்ரிபியூட்டர் பலவற்றில் வேக்குவம் டயஃப்ரமே இருக்காது. முழு மிதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது தேவையில்லைதான். தெரு வண்டியில் அதை இழப்பது நஷ்டம். லேசான மிதியில் எஞ்சின் குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் ஓட அந்த டயஃப்ரம்தான் காரணம்.

வயர்களின் ஓட்டத்தையும் பாருங்கள். ஸ்மால் பிளாக்கில் 5, 7 ஆகிய சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஃபயரிங் ஆர்டரிலும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு வயர்களையும் ஒட்டி இணையாக ஓடவிட்டால், 5க்குப் போகும் மின்சாரம் 7லும் தூண்டலை எழுப்பி, அது 90 டிகிரி முன்னதாகவே தீப்பிடிக்கக்கூடும். ஒன்றை மற்றொன்றின் குறுக்கே விடுவது அல்லது நடுவே வேறொரு வயரைக் கொண்டுவருவது போதும். ஃபிளாட்ஹெட்டில் வயர்கள் உலோகக் குழாய்க்குள் கட்டாகப் போவதால், இன்சுலேஷன் வெடித்த பழைய வயரை அழகுக்காக வைத்திருப்பது சரிப்படாது.

பாயின்ட்டை எடுத்துவிட்டு, கேப்புக்குள் மறைந்துகொள்ளும் எலெக்ட்ரானிக் மாட்யூலை வைப்பது இன்று சாதாரணம். ஜெனரல் மோட்டார்ஸே 1975இல் பாயின்ட்டைக் கைவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷனைத் தன் வண்டிகளில் பொதுவாக்கிவிட்டது. ட்வெல் நகராது, கருகாது என்பதால் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் தேவை, பழைய பாலஸ்ட் வயரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. அதோடு, மாட்யூல் அட்வான்ஸ் வளைவை மாற்றாது. தேய்ந்த எடைகளும் துருப்பிடித்த பின்களும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூலை வைத்தால், தவறான நேரத்தில் துல்லியமாக ஸ்பார்க் வரும். தண்டை விரலால் அசைத்துப் பார்த்து புஷ் ஆடினால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கடைசிச் சோதனை சாலையில்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, உயர் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுதாக மிதித்துக் கேளுங்கள். கிலுகிலுவென்று உலோகச் சத்தம் வந்தால் இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டுங்கள். சத்தம் குறைந்த வேகத்தில் மட்டும் வந்தால் மொத்தத்தைத் தொடாமல் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். லேசான மிதியில் மட்டும் வந்தால் வேக்குவம் அதிகம் தருகிறது என்று பொருள். கம்ப்ரஷனை உயர்த்திய எஞ்சினில் ஆக்டேன் கூடிய பெட்ரோலைப் போட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், பிறகும் அதையே போட வேண்டும். புதிய பாயின்ட்டின் ஃபைபர் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் வேகமாகத் தேய்ந்து படியும். கேமில் துளி கிரீஸ் வைத்து, அந்தத் தூரம் ஓடியதும் ட்வெல்லை மறுபடி பார்த்து, அதன்பின் டைமிங்கையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.